நவோமி போட்ட மூன்று

அந்த வேலையை நவோமிக்கு யாரும் மரியாதைக்காகக் கொடுக்கவில்லை. வேறு யாரும் தொடமாட்டார்கள் என்பதால் கொடுத்தார்கள்.

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் சூலியா தெருவுக்குப் பின்னால், இரண்டு பழைய கடைவீடுகளின் நடுச்சுவரை உடைத்து ஒன்றாக்கிய கட்டடத்தில் ஓர் ஓவியக் கல்லூரி இருக்கிறது. அதன் நூலகம் தரைத்தளத்தில். ஓவியப் புத்தகங்கள் கனமானவை, மாடியின் பலகைத் தரை தாங்காது என்று எப்போதோ ஒரு பொறியாளர் சொல்லிவிட்டுப் போனார். கனத்துக்குப் பயந்து கொண்டுவந்து சாக்கடைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். பேரிடர்த் திட்டம் இல்லாத நூலகத்துக்கு அடுத்த ஆண்டு அனுமதி கிடையாது என்று கல்லூரித் தலைமையகத்திலிருந்து கடிதம் வந்தது. நூலகத் தலைவி ரோஹானா அதை மூன்று நாள் தம் மேசையில் வைத்திருந்தார். நான்காம் நாள் அது நவோமியின் மேசையில் இருந்தது.

"நீங்க முதியோர் இல்லத்தில வேலை பாத்தவங்க. தீப்பிடிச்சா என்ன செய்யணும்னு பயிற்சி எடுத்திருப்பீங்க. உங்களுக்கு இது சுலபம் லா," என்று மலாயில் சொன்னார்.

சுலபமாக இல்லாவிட்டாலும் நவோமிக்கு அந்த வேலை புரிந்தது. ஐம்பத்தாறு வயது. பதினைந்து ஆண்டுகள் கத்தோலிக்கக் கன்னியர் நடத்திய முதியோர் இல்லத்தில் ஆள் தூக்கி, புரட்டி, குளிப்பாட்டியதில் முதுகுத் தட்டு நகர்ந்துவிட்டது. அதன்பின் இந்த நூலகத்தில் உதவியாளர் வேலை. மனிதரைத் தூக்குவதைவிடப் புத்தகத்தைத் தூக்குவது மேல், அது எச்சில் துப்பாது என்று சொல்லிக்கொள்வாள்.

இல்லத்தில் தீப்பயிற்சிக்கு ஒரே ஒரு விதிதான். நடக்க முடியாதவரை முதலில் தூக்கு. நடக்கக்கூடியவர் தானாக வருவார். யார் நல்லவர், யாருடைய பிள்ளைகள் வந்து பார்க்கிறார்கள் என்பதெல்லாம் கணக்கில் வராது. ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் ஓர் அட்டை தொங்கும், அதில் ஒன்று, இரண்டு அல்லது மூன்று என்று எண் இருக்கும். நவோமி அதை அப்படியே நூலகத்துக்குக் கொண்டுவந்தாள். இங்கே நடக்க முடியாதது எது? மறுபடி வாங்கக் கிடைக்காதது. உலகத்தில் இன்னொரு பிரதி இல்லாதது. தண்ணீர் பட்டால் மை ஓடிப்போவது. கேள்விக்குப் பத்து மார்க், மொத்தம் முப்பது. இருபதுக்கு மேல் வந்தால் முதல் எண், பதினைந்துக்கு மேல் இரண்டு, மிச்சம் மூன்று.

நான்கு மாதம் பாடுபட்டாள். சுவரில் புதுச் சாயத்துக்கு அடியில் பழைய வெள்ளக் கறையைச் சுரண்டிக் கண்டுபிடித்து, முழங்கால் உயரம் என்று அளந்து எழுதினாள். நனைந்த புத்தகத்தை வெயிலில் வைக்கக் கூடாது என்று மற்றவர்களுக்குச் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியது. ஓவியப் புத்தகத்தின் வழவழப்புத் தாள் நனைந்து காய்ந்தால் ஏட்டோடு ஏடு ஒட்டிச் செங்கல்லாகிவிடும். புண்ணில் ஒட்டிய துணியைக் காய்ந்தபடி பிய்ப்பாரா யாராவது? ஈரத்தோடேயே பிளாஸ்டிக்கில் சுற்றி, இரண்டு நாளுக்குள் உறைய வைத்துவிட வேண்டும். பிறகு சாவகாசமாக ஏடு ஏடாகப் பிரித்து உலர்த்தலாம். உறைய வைக்க இடம்? கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த்தில் மீன் குளிர்க்கிடங்கு வைத்திருப்பவரைத் தொலைபேசியில் பிடித்தாள்.

"புத்தகத்தை ஃப்ரீசர்ல வெக்கவா? என்னக்கா, கெட்டுப் போயிருமா?"

"நனைஞ்சா கெட்டுப் போகும் அண்ணே."

"அப்புறம் மீன் வாசம் அடிக்குதுன்னு என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

"வாசம் இருந்துட்டுப் போவட்டும். எழுத்து இருந்தாப் போதும்."

நாற்பது தட்டுக்கு இடம் ஒதுக்குவதாகச் சொன்னார். அந்த நாற்பதும் திட்டத்தில் ஏறியது.

கடைசியாக மார்க் போடும் வேலை. அடுக்கு அடுக்காகப் போட்டுக்கொண்டே வந்து, மூலை அடுக்கின் அடித்தட்டில் இருந்த மூன்று பெட்டிகளுக்கு வந்தாள். அவை கனகேஸ்வரி டீச்சர் கொடுத்தவை. டீச்சரின் தம்பி சிவகுருநாதன் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியராக இருந்து இறந்தவர். முப்பத்திரண்டு வருடம், ஞாயிற்றுக்கிழமைதோறும் தெருவில் நின்று, தமிழ்க் கடைகளின் பெயர்ப் பலகைகளை அளந்து வரைந்திருக்கிறார். எழுத்தின் வளைவு, பலகையின் நீள அகலம், எழுதிய ஆளின் பெயர், எந்த வருடம், என்ன சாயம் என்று ஓரத்தில் ஊற்றுப்பேனாக் குறிப்பு. பதினொரு நோட்டுகள். அந்தப் பலகைகளில் பாதிக்குமேல் இன்று இல்லை. வீட்டில் வைத்திருந்து கரையான் ஒரு நோட்டின் அட்டையைத் தின்றதும், டீச்சர் டாக்சி பிடித்துப் பெட்டிகளோடு வந்து இறங்கினார். பினாங்கில் பிறந்து வளர்ந்தவர்தான், ஆனால் யாழ்ப்பாணத்து வீட்டுப் பேச்சு வாயை விட்டுப் போகவில்லை.

"இஞ்ச வைச்சால் பத்திரமோ பிள்ளை?" என்று கேட்டார்.

"என் பொறுப்பு டீச்சர். ஒரு எழுத்து அழியாது," என்றாள் நவோமி. யாரும் அவளை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. சொன்னாள்.

இப்போது மார்க் போட்டாள். வாங்கக் கிடைக்குமா? கிடைக்காது, பத்து. வேறு பிரதி? இல்லை, பத்து. மை? ஊற்றுப்பேனா, நிச்சயம் ஓடும். கரையான் தின்ற அட்டைக்காக ஒன்று குறைத்து, ஒன்பது. இருபத்தொன்பது. நூலகம் முழுக்க அவ்வளவு மார்க் வாங்கியது வேறு எதுவும் இல்லை. கனவான்கள் வாங்கி விற்ற ஓவியங்களின் ஏலப் பட்டியல்கள் ஓர் அடுக்கு முழுக்க இருந்தன, அவையே இருபத்துநாலுதான்.

பென்சிலைக் கீழே வைத்தாள்.

தலைமையகம் தந்த படிவத்தில் மொழிக்கு நான்கு கட்டம். மலாய், ஆங்கிலம், சீனம், லாயின்-லாயின். லாயின்-லாயின் என்றால் மற்றவை. தமிழ் அதில்தான். பட்டியலை மார்க் வரிசைப்படி அடுக்கினால் முதல் வரியில் லாயின்-லாயின் வந்து உட்காரும். அதற்குக் கீழே, மார்க் போட்டவர்: நவோமி. நூலகத்தில் வேலை பார்க்கும் ஒரே தமிழச்சி.

யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல அங்கே ஆளே இல்லை. ஆனால் சொல்லப்போவது அவள் காதில் விழுந்துவிட்டது. முதியோர் இல்லத்தில் ஒருமுறை, காய்ச்சலில் கிடந்த ஒரு தமிழ்க் கிழவரின் கட்டிலை விசிறிக்கு அடியில் இழுத்துப் போட்டாள். பக்கத்துக் கட்டில்காரரின் மகள் வந்து, "உங்க ஆளுன்னா விசிறி, எங்க அப்பான்னா வேர்வையா?" என்று கேட்டாள். அன்று மாலைக்குள் நவோமி கட்டிலைத் திரும்ப இழுத்துவிட்டாள். கிழவருக்குக் காய்ச்சல் விடவில்லை. அவளை யாரும் அதற்குப்பின் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருக்கும்படி நடந்துகொள்வது அவளுக்குப் பழகிப்போனது.

அழிப்பானை எடுத்தாள். இருபத்தொன்பது பதினாலானது. பதினாலு என்றால் மூன்றாம் எண்.

ரோஹானா நேர்மையானவர், பட்டியலை வரிவரியாகப் படித்தார். "இந்தத் தமிழ் நோட்டுகள் கையால எழுதினது தானே, நவோமி? எப்படி மூணு வருது?"

"மார்க் அவ்வளவுதான் புவான்," என்றாள். அம்மா என்பதற்கு அங்கே புவான்.

"சரியாப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

ரோஹானா கையெழுத்துப் போட்டார். இன்னொரு கட்டம் மிச்சம் இருந்தது. மூன்றாம் எண் நனைந்தால் என்ன செய்வது? வெற்றிடமாக விட்டால் கணினி ஏற்காது. குளிர்க்கிடங்கின் நாற்பது தட்டும் முதல் இரண்டு எண்களுக்கே கணக்காகிவிட்டது. மிஞ்சியது லூப்புஸ். அலுவலகங்களில் வேண்டாததைக் கழித்துக் கட்டுவதற்கு மலாயில் உள்ள சொல். நவோமி அதையே எழுதி, அட்டைகளை அச்சடித்து, ஒவ்வொன்றிலும் பெயரெழுதிக் கையெழுத்திட்டு அடுக்குகளில் தொங்கவிட்டாள். மூலை அடுக்கின் அடித்தட்டிலும்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, மதியம் இரண்டரை மணிக்கு வந்தது வெள்ளம். பேய்மழையும் கடல் ஏற்றமும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. சாக்கடை கடலுக்குப் போக வழியில்லாமல் திரும்பி, கழிவறைத் தரை ஓட்டை வழியாகக் கொப்பளித்தது. நூலகத்தைப் பூட்டப்போன நவோமியும் காவலாளி ஹாஃபிஸும்தான் இருந்தார்கள். ஹாஃபிஸ் சூலியா தெருப் பின்சந்தில் பிறந்த தமிழ் முஸ்லிம், அவள் வயதுக்காரர். ரோஹானா அக்கரையில் செபராங் ஜெயாவில் ஒரு கல்யாணத்தில் இருந்தார், பாலத்தில் நெரிசல். "திட்டப்படி செய்யுங்க, நவோமி," என்றார் தொலைபேசியில்.

திட்டப்படி செய்தார்கள். முதல் எண்ணை அடுக்கடுக்காக எடுத்து மாடிப்படியின் திருப்பத்தில் வைத்தார்கள். நவோமி தூக்குகிற முறை தெரிந்தவள். முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி, சுமையை வயிற்றோடு சேர்த்து எடுத்தாள். அப்படியும் நாற்பது நடைக்குப்பின் முதுகு பேசத் தொடங்கியது. தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. மாடிப்படிக்குப் போகும் வழி மூலை அடுக்கை ஒட்டித்தான். ஹாஃபிஸ் அங்கே நின்றார்.

"அக்கா, இது உங்க ஆளுங்க பெட்டி தானே? அந்த டீச்சரம்மா கொண்டாந்தாங்களே. போற வழியிலதான் இருக்கு, ஒண்ணத் தூக்கிக்கிறேன்."

"அது மூணு, ஹாஃபிஸ். ஒண்ணு இன்னும் முடியல."

"மூணு பெட்டிதானே லா. மூணு நடை."

"அதுக்கு மூணு நடைன்னா இதுல மூணு நடை குறையும். அந்த ஏலப் பட்டியலைத் தூக்குங்க."

ஹாஃபிஸ் ஒரு கட்டைத் தூக்கி அட்டையைப் பார்த்தார். "இத யாருக்கா வந்து படிக்கிறா? நான் இங்க ஒம்போது வருசமா நிக்கிறேன், ஒருத்தனும் தொட்டுப் பாக்கல."

"தொடல. தூக்குங்க."

தூக்கினார். முதல் எண் முடிந்தது. இரண்டும் முடிந்தது. ஒரு மணி நேரம் பத்து நிமிடம் ஆகியிருந்தது, தண்ணீர் முழங்காலுக்கு வந்திருந்தது. நவோமி மின் இணைப்பை அணைத்துவிட்டு மூலைக்குப் போனாள். குனிந்து முதல் பெட்டியை இழுத்தாள். வரவில்லை. தாள் தண்ணீர் குடித்தால் ஊதும். மூன்று பெட்டியும் ஊதி, இரும்பு அடுக்கின் இரண்டு பக்கத்திலும் முட்டிக்கொண்டு நின்றன. மறுபடி இழுத்ததில் பெட்டியின் முன்பக்க அட்டை மட்டும் சோறு மாதிரிக் கையோடு வந்தது. ஹாஃபிஸும் இழுத்துப் பார்த்தார்.

"கல்லா நிக்கிது அக்கா. வாங்க, தண்ணி ஏறுது." அவள் தோளைப் பிடித்துப் படிக்குக் கூட்டிப்போனார்.

மாடியில் உட்கார்ந்தபோதுதான் அவளுக்கு மூளை ஓடியது. முதல் இரண்டு எண்ணிலும் ஒரு தாள்கூட நனையவில்லை. அப்படியானால் குளிர்க்கிடங்கின் நாற்பது தட்டும் காலி. இரண்டு நாள் அவகாசம் இருக்கிறது. மை கொஞ்சம் ஓடியிருக்கும், ஆனால் நோட்டுகள் பெட்டிக்குள் இறுகிக் கிடப்பதால் நடு ஏடுகள் தப்பியிருக்கும். ஆறு மணிக்குத் தண்ணீர் வடிந்தது. மின்சாரக்காரர் பார்த்து அனுமதிக்கும்வரை யாரும் நூலகத்துக்குள் போகக் கூடாது என்பது திட்டம், அவர் ஞாயிறு காலை எட்டுக்கு வருவார். நவோமி மீன் கிடங்குக்காரரைக் கூப்பிட்டு, மூன்று பெட்டி நாளைக்கு வருகிறது என்றாள். வேனுக்கும் சொன்னாள். பத்து மணிக்கு வருவதாக ஹாஃபிஸிடம் சொல்லிவிட்டுப் பெரிப் படகு ஏறி, அக்கரையில் மாக் மண்டினில் உள்ள தன் வீட்டுக்குப் போனாள்.

எட்டு மணிக்கே வந்திருக்கலாம். ஞாயிறு எட்டு மணிக்குத் தேவாலயத்தில் பூசை. முதியோர் இல்லத்தை விட்டபின் ஒரு ஞாயிறுகூட அவள் பூசையை விட்டதில்லை. அன்றும் விடவில்லை.

பத்தரைக்கு வந்தபோது வாசலின் அஞ்சடி நடைபாதை கழுவித் துடைக்கப்பட்டிருந்தது. உள்ளே இரும்பு அடுக்குகளின் அடித்தட்டுகள் வெறுமையாக இருந்தன. தலைமையகம் அவசரத்துக்கு அனுப்பிய துப்புரவு ஆட்கள் மின்சாரக்காரரோடேயே உள்ளே வந்துவிட்டார்கள். ஹாஃபிஸின் முறை முடிந்து வேறு காவலாளி இருந்தார், அவருக்கு ஒன்றும் தெரியாது. துப்புரவு மேற்பார்வையாளர் கார்த்திகேசு, நாற்பது வயது மனிதர், ரப்பர் சப்பாத்தோடு வந்து வணக்கம் சொன்னார்.

"இந்த மூலையில மூணு பெட்டி இருந்திச்சே, தம்பி."

"நனைஞ்ச மூணாம் நம்பர் எல்லாம் லோரில போயிருச்சிக்கா. ஒம்போது மணி டிரிப்பு."

"எங்க?"

"குப்பை ஸ்டேஷனுக்கு. அங்க மெஷின்ல அழுத்தி அனுப்பிருவாங்க."

"தூக்கிப் போடறதுக்கு முன்னாடி பிரிச்சிப் பாத்தீங்களா?"

"பாத்தேன்கா. பெட்டியை நெம்பி எடுத்தப்போ ஒரு நோட்டு பிரிஞ்சி விழுந்திச்சி. நம்ம எழுத்து. கடை போர்டு மாதிரி வரைஞ்சி, ஓரத்துல பொடிசா எழுதியிருந்திச்சி. மை ரொம்ப ஓடல. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சி, எடுத்து வெப்போமான்னு கையில வெச்சிக்கிட்டு நின்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் கார்டைப் பாத்தேன். லூப்புஸ்னு போட்டு, கீழ நவோமின்னு இருந்திச்சி. எங்க பாஸுக்கே போன் அடிச்சி, யாரு இந்த நவோமின்னு கேட்டேன். லைப்ரரில இருக்கிற நம்ம ஆளுன்னாரு. தமிழ் படிக்கத் தெரிஞ்சவங்களே வேணாம்னு போட்டிருக்காங்க, அவங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போவுதுன்னு ஏத்திட்டேன்." அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "தப்பாக்கா?"

"இல்ல தம்பி. நீங்க கார்டுப்படிதான் செஞ்சிருக்கீங்க."

லோரி ஓட்டியைத் தொலைபேசியில் பிடித்தாள். ஒன்பது நாற்பதுக்கே கொட்டியாகிவிட்டது என்றார். பெட்டிகளுக்காகச் சொல்லி வைத்த வேனிலேயே குப்பை நிலையத்துக்குப் போனாள். வாசலில் இருந்தவர் வெளியாட்களை விடமாட்டேன் என்றார். உள்ளே இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, மீன் கிடங்குக்காரருக்கு வேண்டாம் என்று சொன்னாள்.

அடுத்த வாரம் தலைமையகத்திலிருந்து பாராட்டு வந்தது. முக்கியமானது ஒன்றும் போகவில்லையாம், நாட்டிலுள்ள மற்றக் கிளைகளுக்கும் இந்தத் திட்டத்தையே அனுப்பப்போகிறார்களாம். ரோஹானா சிரித்த முகத்தோடு கடிதத்தை நீட்டினார். நவோமி வாங்கிப் படித்துவிட்டு, இருபத்தொன்பதைப் பதினாலாக்கிய கதையைச் சொன்னாள்.

"நான் கேட்டேனே, நவோமி. ரெண்டு தடவ கேட்டேன்."

"கேட்டீங்க புவான்."

"எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. தெரிஞ்சவங்க நீங்க ஒருத்தர்தான். அதனாலதான் மேற்கொண்டு கேக்கல." பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த டீச்சருக்குக் கடிதம் தயார் பண்ணிட்டேன். இயற்கைப் பேரிடரால் இழக்க நேர்ந்ததுன்னு போட்டிருக்கேன். அது பொய் இல்ல. நீங்க சொன்னதை அதுல எழுத வேண்டியதில்ல."

"மத்தக் கிளைக்கு அனுப்பறதுக்கு முன்னாடி, லாயின்-லாயினுக்கு மார்க் போட ரெண்டு பேரு வேணும்னு மாத்திரலாம் புவான்."

"அந்தக் கட்டத்தையே எடுத்தாச்சி. இப்ப அதுல ஒண்ணும் இல்லையே. சைபர் போட்டா கம்ப்யூட்டர் ஏத்துக்கல."

வியாழக்கிழமை, கடிதம் அஞ்சலில் போவதற்கு முன்பே, கனகேஸ்வரி டீச்சர் வந்துவிட்டார். எழுபத்தொன்பது வயது, குடையை ஊன்றிக்கொண்டு, ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். சுவரில் வெள்ளக் கோட்டைப் பார்த்தார்.

"இஞ்சயும் வந்ததோ தண்ணி? எங்கட ரோட்டிலயும்தான். அலுமாரியை நகர்த்தித் துடைக்கேக்க, பின்னால ஒரு நோட்டு விழுந்து கிடக்குது. பன்னிரண்டாவது. தம்பி ஒருக்காலும் சொல்லேல்ல." பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். "மற்றதுகளோட வையும் பிள்ளை."

ரோஹானாவின் கடிதம் பதிவேட்டுக்கு அடியில் இருந்தது. எடுத்து நீட்டினால் முடிந்தது. டீச்சர் கண் கலங்குவார், ஆண்டவன் செயல் என்பார், ஒரு கோப்பை மைலோ வாங்கிக் கொடுத்து அனுப்பலாம். நவோமி கடிதத்தை எடுக்கவில்லை.

"மத்தது இல்ல டீச்சர். போயிருச்சி."

"வெள்ளத்திலயோ?"

"வெள்ளம் நனைச்சிச்சி. தூக்கிப் போடச் சொன்னது நான்." ஆரம்பத்திலிருந்து சொன்னாள். மார்க்கையும் சொன்னாள், அழிப்பானையும் சொன்னாள். ஹாஃபிஸ் கேட்டதையும், கார்த்திகேசு நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதையும் விடவில்லை. முடிந்ததும் டீச்சர் கேட்டார்.

"முப்பதுக்கு எத்தனை வந்தது எண்டீர்?"

"இருபத்தொம்பது."

"நீர் எத்தனை போட்டீர்?"

"பதினாலு."

"ஆர் குறைக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல. நம்ம சாமானுக்கு நானே கூட்டிப் போட்டுட்டேன்னு பேச்சு வரும்னு பயந்துட்டேன்."

டீச்சர் தலையை ஆட்டினார். கோபம் வந்த மாதிரித் தெரியவில்லை. தாள் திருத்துகிறவர் தவறான விடைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதைப் போல் இருந்தார்.

"முப்பத்தாறு வருசம் பேப்பர் திருத்தினனான். என்ர சொந்த மகன் என்ர வகுப்பிலதான் படிச்சவன். கூட்டிப் போட்டால் களவு எண்டு எல்லாருக்கும் தெரியும். குறைச்சுப் போட்டால் அது நேர்மை எண்டு உமக்கு ஆர் சொல்லித் தந்தது?"

டீச்சர் நோட்டைத் திரும்பப் பைக்குள் போட்டு, பையின் காதை இரண்டு முடிச்சுப் போட்டார்.

"டீச்சர், வீட்டுல கரையான் இருக்குதுன்னீங்களே. இதையாவது போட்டோ பிடிச்சி வெச்சிக்கிறேன். இப்பவே, உங்க கண்ணு முன்னால. அரை மணி நேரம்."

"வீட்டில கரையான். இஞ்ச நீர் இருக்கிறீர்." பையை மடியில் இழுத்துக்கொண்டார். "கரையான் அட்டையோட நிண்டது பிள்ளை."

குடையை ஊன்றி எழுந்தார். கைகொடுக்க நவோமி பழக்கதோஷத்தில் எழுந்து முழங்கைக்கு அடியில் கையைக் கொண்டுபோனாள். டீச்சர் முழங்கையை விலக்கிக்கொண்டு தானே நடந்தார். வாசலில் ஹாஃபிஸ் கதவைத் திறந்து, தெருவில் இறங்கி ஒரு வேனை நிறுத்தி அவரைக் கடக்கவிட்டார்.

நோட்டு மேசையில் இருந்த நேரத்தில் நவோமி அதன் அட்டையை மட்டும்தான் பார்த்திருந்தாள். உள்ளே எந்தத் தெரு, எந்தக் கடைகள், எந்த வருடம் என்பது அவளுக்குத் தெரியாது.